கோடு படியாத வீடு

அந்தக் கல் கரைக்கு வந்தது ஒரு சுறாவின் வயிற்றில். கரையின் விளக்குகள் மறைந்து, கலங்கரை விளக்கமும் மறைந்து, நீலமாக இருந்த கடல் நீலத்தையும் தாண்டிக் கறுப்பாகிற இடத்தில் ஆயிரங்கால் தூண்டில் போட்டுப் பிடித்த சுறா. மணக்குழித்துறை ஏலக்கூடத்தின் சிமெண்டுத் தரையில் அதைப் புரட்டிப் போட்டுக் கத்தி வைத்தபோது சுற்றி நின்றவர்களின் பேச்சு நின்றது. துறையின் ஆட்களைக் கொண்டுபோன அந்தப் புயலுக்குப் பிறகு பெரிய சுறாவைக் கீறும்போதெல்லாம் எங்கள் கூடத்தில் பேச்சு நின்றுவிடும்; ஏன் என்று யாரும் யாரிடமும் கேட்பதில்லை. குடலுக்குள் கை விட்டவன் "கல்லுதான்" என்றான். "கல்லுதான், கல்லுதான்" என்று ஒருவர் மாற்றி ஒருவர் சொல்லிக்கொண்டார்கள். எல்லோருக்கும் மூச்சு திரும்பி வந்தது.

செங்கல் நிறம், செங்கல் அளவு, முனையெல்லாம் மழுங்கியிருந்தது. அதன் இடுப்பைச் சுற்றி, மை தொட்டு இழுத்ததுபோல் ஒரு மெல்லிய கறுப்புக் கோடு. மீனின் வயிற்றில் கிடப்பது ஏலம் போடுகிறவனுக்கு என்பது எங்கள் துறையின் வழக்கம். மோதிரம் கிடந்தாலும் அவனுக்கு, செருப்பு கிடந்தாலும் அவனுக்கு. ஏலம் போடுகிறவன் நான், பெர்க்மான்ஸ். பள்ளிக்கூடம் என்னை வெளியே தள்ளிய பிறகு ஐஸ் கட்டி சுமந்து, அடி வாங்கி, அடி கொடுத்து, தொண்டையை வைத்தே மேலே வந்தவன். கல்லை எடுத்துக் கழுவி, ஏல மணிக்குக் கீழே வைத்தேன்.

அடுத்த நாள் காலையில் துறை முழுக்கப் புட்டில் கோடு விழுந்திருந்தது.

குழாயிலிருந்து தள்ளிய புட்டு, மாவும் தேங்காயும் மாவும் தேங்காயுமாக வாழையிலையில் ஆவி பறக்க நிற்கும்போது, அதன் நடுவிலோ அடியிலோ தலைமாட்டிலோ ஒரு சாம்பல் கறுப்புக் கோடு, நகத்தால் கீறியதுபோல், சுற்றிலும் ஒரே மட்டத்தில். கரி என்று நினைத்துக் குழாயைத் தேய்த்தார்கள். மாவில் அழுக்கு என்று கடைக்காரனைத் திட்டினார்கள். பிறகு தேங்காயை உடைத்தால் பருப்பில் அந்தக் கோடு, மரச்சீனிக் கிழங்கை முறித்தால் அதில் கோடு, நெய்மீனைத் துண்டு போட்டால் முள்ளுக்கு மேலே கோடு, டீக்கடை பன்னைப் பிய்த்தால் கோடு, கோயில் மெழுகுவர்த்தி பாதி எரிந்து இறங்கும்போது அதிலும் கோடு. ஞாயிற்றுக்கிழமை பூசையில் சாமியார் அப்பத்தை உயர்த்திப் பிட்டபோது, பிட்ட ஓரத்தில் அது இருந்தது. சாமியார் ஒரு கணம் பார்த்தார். பிறகு பூசையைத் தொடர்ந்தார். அடுத்த வாரப் பிரசங்கத்தில், "ஆண்டவருடைய உடம்பிலும் ஓர் அடி விழுந்த தடம் உண்டு, நம்முடைய அப்பத்தில் இருந்தால் என்ன" என்றார். அத்தோடு அந்த விஷயம் கோயிலில் முடிந்தது.

மற்ற இடங்களில் முடியவில்லை. சாப்பிடுகிற பொருளில் ஒன்று வந்துவிட்டால் அதற்கு அர்த்தம் கண்டுபிடிக்காமல் ஒரு ஊர் எப்படித் தூங்கும்? மீன் விற்கிற சூசம்மா, நாக்கில் முள் வைத்துப் பிறந்தவள், அவள்தான் முதலில் கண்டுபிடித்தாள். ஒரு வீட்டில் எல்லாப் பண்டத்திலும் கோடு ஒரே உயரத்தில்தான் இருந்தது. ஒரு வீட்டு உயரம் இன்னொரு வீட்டு உயரம் இல்லை. சின்ன வயதிலேயே தகப்பனைக் கடலுக்குக் கொடுத்தவன் வீட்டில் கோடு அடியோடு அடியாக இருந்தது. போன வருஷம் மகனைப் பைக் விபத்தில் இழந்தவள் வீட்டில் மேலே, விளிம்பை ஒட்டி இருந்தது. புயலில் ஆள் போன வீடுகளில் எல்லாம், ஆள் மாறினாலும் வீடு மாறினாலும், ஏறக்குறைய ஒரே மட்டம்.

"அடி விழுந்த எடத்துல கோடு விழுந்திருக்கு பிள்ளே," என்றாள் சூசம்மா. "கீழ இருக்கது பழசு, மேல இருக்கது புதுசு."

"உனக்கு எங்ஙன இருக்கு அக்கா?"

"எனக்கா? அடியில. குழாய்ச் சில்லுல ஒட்டிக்கிட்டு. கல்யாணத்தன்னைக்கே விழுந்துட்டுல்லா."

கூடம் சிரித்தது. அவள் புருஷன் வலைக்கட்டுக்குப் பின்னால் உட்கார்ந்து அவனும் சிரித்தான்.

அதற்குப் பிறகு ஊர் கோட்டோடு வாழப் பழகிக்கொண்டது. டீக்கடையில் "கோட்டுக்கு மேல உள்ளதக் குடு" என்று கேட்கிறவர்கள் இருந்தார்கள். சின்னப் பிள்ளைகளுக்குக் கோட்டைத் தவிர்த்து ஊட்டினார்கள். பெரியவர்கள் கோட்டையும் சேர்த்துத் தின்றார்கள். ருசி ஒன்றும் வேறு இல்லை, கொஞ்சம் குளிர்ச்சி என்றார்கள். பெண் பார்க்க வந்தவர்கள், காப்பியோடு வைத்த கேக்கை வெட்டிக் கோடு எங்கே என்று பார்த்துவிட்டு, "பாவம், சின்னதுலயே பட்டிருக்கியோ" என்று பெண்ணிடம் கனிவாகப் பேசினார்கள். பக்கத்து வீட்டுக்காரி ஏன் அப்படி வெடுக்கென்று பேசுகிறாள் என்று அவள் கொடுத்த கிழங்கை முறித்தபோது புரிந்தது. கொச்சி வியாபாரிகள் மட்டும் முறுக்கிக்கொண்டு நின்றார்கள். கோடு விழுந்த மீனை எவன் வாங்குவான் என்றார்கள். "கோடு இல்லாத மீன் குளத்து மீன் ஓய்! கறுப்புத் தண்ணியில கிடந்தது இது, கையெழுத்துப் போட்டு வந்திருக்கு" என்று நான் மேசையை அடித்தேன். ஒரு வாரத்தில் கோடு இல்லாத மீனைத் தொட மாட்டோம் என்று அவர்களே சொன்னார்கள்.

என் வீட்டிலும் கோடு இருந்தது. புயல் மட்டத்தில். சவரக் கத்தியால் கீறியதுபோல் அத்தனை கூர்மை. என் மனைவி அதைப் பார்த்துவிட்டுக் குழம்பை ஊற்றி மறைத்தாள்.

கோடு விழாத வீடு துறையில் ஒன்றே ஒன்று. என் அண்ணன் ததேயுவின் வீடு.

ததேயு புயலில் போனவன். அவன் படகில் போன யாரும் திரும்பவில்லை, பலகைகூடத் திரும்பவில்லை. கடலில் போய் வராதவனுக்கு எங்கள் துறையில் வெறும் பெட்டி இறக்குவோம். அவன் உடுத்த சட்டை ஒன்று, கைலி ஒன்று, உடம்புக்குப் பதிலாக ஒரு செம்பு கடல் தண்ணீர். மூடி ஆணி அடித்து, பூசை வைத்து, கல்லறைத் தோட்டத்தில் குழி வெட்டி இறக்கினால் அவன் செத்தவன். இறக்காத வரை அவன் கடலுக்குப் போனவன். அந்தப் படகில் போனவர்களுக்கு எல்லா வீட்டிலும் பெட்டி இறக்கியாகிவிட்டது. அண்ணன் மனைவி, என் மைனி வெரோணிக்காள் மட்டும் சட்டையைத் தர மாட்டேன் என்றாள்.

அவள் அழுது நான் பார்த்ததில்லை. அதுதான் எனக்குக் கோபம். அண்ணனின் சட்டைகளை எடுத்துத் துவைப்பாள், வெயிலில் போடுவாள், மடிப்பாள், மறுபடி பெட்டியிலிருந்து எடுத்து உதறுவாள். அவன் விட்டுப் போன வலையில் பழைய கண்ணிகளைப் பிரித்துப் புதிதாகக் கட்டுவாள். கட்டிலை ஒரு வாரம் சன்னலோரம் போடுவாள், அடுத்த வாரம் கதவோரம். "அவுக கிழக்க தல வைக்கது இல்லல்லா" என்பாள், ஏதோ அவன் அன்று மாலையே வந்து படுக்கப் போவதைப் போல. மீன் குழம்பு வைத்தால் அவனைப் பற்றி ஒரு குறை சொல்லாமல் இறக்க மாட்டாள்: புளி கூடினால் முகத்தைச் சுளிப்பான், குறைந்தால் சட்டியைத் தள்ளுவான், என்ன ஆம்பளையோ என்று. மகள் ஜெனோபா சிரிப்பாள். அந்த வீட்டில் எந்நேரமும் ஏதோ ஒன்று அசைந்துகொண்டே இருக்கும்.

இப்போது அந்த வீட்டுப் புட்டு வெள்ளை வெளேர் என்று நிற்கிறது. தேங்காய் வெள்ளை. கிழங்கு வெள்ளை. ஊர் திரண்டு வந்து பார்த்தது. பார்த்துவிட்டு, "அடி விழல. ததேயு இருக்கான்" என்று தீர்ப்புச் சொன்னது. லட்சத்தீவில் ஒரு தீவில் இருக்கிறான் என்றார்கள். இல்லை, வேறு நாட்டுக் கப்பல் ஏற்றிக்கொண்டு போயிருக்கிறது என்றார்கள். பிள்ளை பெறப் போகிறவர்கள் ஒரு பிடி மாவு கேட்டு அந்த வாசலில் வந்து நின்றார்கள். மைனி எல்லோருக்கும் கொடுத்தாள். இருக்கிறான் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை.

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. காரணம் ஜெனோபா. அவளுக்குப் பாறைமுனைத்துறையில் மாப்பிள்ளை பேசி முடித்திருந்தது. நல்ல பையன், குணமுள்ள பையன், இரண்டு பேருக்கும் பிடித்திருந்தது. ஆனால் எங்கள் பக்கத்தில் பெண்ணைக் கோயிலுக்குக் கைபிடித்துக் கூட்டிப் போவது தகப்பன். தகப்பன் செத்திருந்தால் சித்தப்பன். தகப்பன் கடலுக்குப் போயிருந்தால்? திரும்பி வரும் வரை கல்யாணம் காத்திருக்கும். கடலுக்குப் போனவனின் இடத்தில் இன்னொருவன் கால் வைத்தால் அவனைத் தள்ளிவிட்டதுபோல் என்று எங்களுக்குப் பயம். ஆக, பெட்டி இறங்காமல் ஜெனோபாவின் கையை நான் பிடிக்க முடியாது. சம்பந்தி அம்புரோஸ் ஒரு நாள் மதியம் கூடத்துக்கே வந்துவிட்டார்.

"ஓய் பெர்க்மான்ஸ், உங்க அண்ணன் இருக்காரா இல்லையா? ரெண்டுல ஒண்ணு சொல்லும்."

"இல்ல."

"ஊரு இருக்காருன்னுல்லா சொல்லுது. புட்டு வெள்ளையா நிக்குதாமே?"

"புட்டு உமக்குச் சம்பந்தியா, நான் சம்பந்தியா?"

"கோவப்படாதேயும். எம்மவன் எத்தன நாளு நிப்பான்? சந்தியாகப்பர் திருவிழாவுக்கு முன்ன ஒரு முடிவு சொல்லும். இல்லைன்னா நாங்க வேற பாக்கணும்."

அவர் சொன்னதில் தப்பில்லை. அதனால்தான் எனக்கு இன்னும் கோபம் வந்தது. நேரே அண்ணன் வீட்டுக்குப் போய்ச் சத்தம் போட்டேன். "பிள்ளையோட வாழ்க்கையக் கெடுக்கியளே மைனி, அவன் செத்துட்டான், எனக்குத் தெரியும், உங்களுக்குத் தெரியும், கடலுக்கும் தெரியும், ஒரு சட்டை, ஒரே ஒரு சட்டை!" என்றேன். மைனி வலையிலிருந்து கண்ணை எடுக்காமல், "பெட்டி வேண்டாம் தம்பி" என்றாள். வாசலில் நின்ற பெண்கள் என்னைப் பார்த்த பார்வையை நான் எந்த ஏலத்திலும் பார்த்ததில்லை. உயிரோடிருக்கிற அண்ணனைப் புதைக்கப் பார்க்கிறவன்.

அந்த நாட்களில்தான் டாக்டர் தாட்சாயணி வந்தாள். ஊசி போடுகிற டாக்டர் இல்லை, கல்லுக்கு டாக்டர். பாளையங்கோட்டைக்காரி, கடலடி மண்ணையும் பாறையையும் குடைந்தெடுத்துச் சோதிக்கிற ஏதோ ஒரு நிறுவனத்தில் வேலை. கொச்சிக்காரன் ஒருவன் கல்லைப் படம் பிடித்து அனுப்ப, அது கை மாறி அவள் வரை போயிருக்கிறது. டீக்கடையில் பன்னை வாங்கிப் பிய்த்துப் பார்த்து, "நல்லாப் படிஞ்சிருக்கே" என்று சொல்லிவிட்டுத் தின்றாள். அப்போதே எனக்கு அவளைப் பிடித்துவிட்டது, காட்டிக்கொள்ளவில்லை.

கல்லை மடியில் வைத்துக்கொண்டு, தண்ணீர் தொட்டுத் துடைத்து, கண்ணாடி வைத்து, மத்தியானம் முழுக்கப் பார்த்தாள். பிறகு சொன்னாள்:

"அண்ணாச்சி, இது மண்ணா இருந்த கல்லு. கரையிலயிருந்து ஒரு ஆறும் எட்டாத தூரத்துல, கடலுக்கு அடியில, மேலேயிருந்து தூசி விழுந்துக்கிட்டே இருக்கும். கண்ணுக்குத் தெரியாத பூச்சிங்களோட ஓடு, காத்துல வந்த புழுதி. ஒரு நகக்கனம் படியறதுக்கு ஆயிரக்கணக்கான வருஷம் ஆகும். படிஞ்சு படிஞ்சு இறுகிக் கல்லாச்சு. இந்தக் கறுப்புக் கோடு இருக்கே, இது படிஞ்ச அன்னைக்கு வானத்துலேர்ந்து ஒரு மலை விழுந்துச்சு."

"எங்க விழுந்துச்சு?"

"தெரியாது. குழி இல்லை. கடலோட தரை சும்மா இருக்கறதில்லை, மெல்ல நகர்ந்து நகர்ந்து பூமிக்கு அடியில போய் உருகிடும். விழுந்த குழியும் அதோட போயிருக்கும். விழுந்ததுக்குச் சாட்சி இந்தத் தூசி மட்டும்தான். கடுகைவிடச் சின்னதா உருண்டைங்க இருக்கும் இதுக்குள்ள, பாறை உருகி ஆகாசத்துல தெறிச்சு ஆறி விழுந்தது. அப்புறம் இரிடியம்னு ஒரு உலோகம். நம்ம பூமி மேல்தோல்ல அது ரொம்ப அபூர்வம். வானத்துக் கல்லுல நிறைய. எங்க அது கூடுதலா இருக்கோ அங்க அடி விழுந்துச்சுன்னு அர்த்தம்."

நான் பேசாமல் இருப்பதைப் பார்த்து வலைக்கட்டுப் பக்கம் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். குழி இல்லை. உடம்பு இல்லை. தூசிதான் சாட்சி.

"இதை எனக்குக் குடுங்க. என்ன வேணும், சொல்லுங்க," என்றாள்.

எதிராளி ஆசைப்படுகிற பொருள் கையில் இருக்கும்போது முதல் விலையைச் சொல்லக் கூடாது. தெரிந்தும் நான் உடனே சொன்னேன். "காசு வேண்டாம் டாக்டரம்மா. ஒரு பதிலு வேணும். எங்க அண்ணன் வீட்டுப் புட்டுல கோடு இல்ல. அந்தப் புட்டை எடுத்துட்டுப் போய் நிறுத்துப் பாருங்க. அதுல அந்தத் தூசி இருக்கா இல்லையா? இருந்தா இருக்குன்னு எழுத்தால வேண்டாம், வாயால சொன்னா போதும். கல்லு உங்களுக்கு."

"இல்லைன்னா?"

"இல்லைன்னாலும் உங்களுக்கு. ஆனா நேருல வந்து சொல்லணும்."

மைனியிடம் கேட்டபோது அவள் மறுக்கவில்லை. குழாயிலிருந்து ஒரு புட்டை உடையாமல் தள்ளி, டாக்டர் நீட்டிய நீளப் பெட்டியில் படுக்க வைத்தாள். கடலடியிலிருந்து இப்படித்தான், குழாயோடு உருவி எடுப்போம் என்றாள் டாக்டர். "பயறு வேண்டாமா?" என்றாள் மைனி. டாக்டர் சிரித்துவிட்டு, உட்கார்ந்து பயறும் பப்படமும் வைத்து இன்னொன்றைத் தின்றுவிட்டுப் போனாள்.

போனவள் வர நாளாயிற்று. அதற்குள் ஊர் என் பேரத்தின் மேல் பந்தயம் கட்டியது. டீக்கடையில் இரண்டு கட்சி ஆனார்கள். தூசி இருக்காது என்கிறவர்கள் பெரிய கட்சி, ஏனென்றால் எல்லோருக்கும் ததேயு வேண்டும். அவரவர் வீட்டில் பெட்டி இறக்கிய பிறகு இறக்காத ஒரு வீடாவது துறையில் இருக்கட்டும் என்று அவர்களுக்கு இருந்தது. சூசம்மா மட்டும் என்னிடம் வந்து, "நீ செயிக்கணும்னு பாக்க, பெர்க்கு. செயிச்சுட்டு என்ன செய்வ?" என்றாள். "உன் மீனு நாறுது, போ" என்றேன்.

டாக்டர் வந்தது ஒரு காலை நேரம். ஏலம் முடிந்து கூடத்தைக் கழுவிக்கொண்டிருந்தார்கள். மணிக்குக் கீழே இருந்த கல்லைக் கையில் எடுத்துக்கொண்டு, என்னைத் தனியாகக் கூப்பிட்டு ஐஸ் பெட்டி மேல் உட்கார வைத்தாள்.

"இருக்கு, அண்ணாச்சி."

செயித்துவிட்டேன்.

"ஆனா கோடா இல்லை. மேலேயிருந்து கீழ வரைக்கும், துண்டு துண்டா வெட்டிப் பார்த்தேன், ஒவ்வொரு துண்டுலயும் இருக்கு. மொத்தமாக் கூட்டினா டீக்கடை பன்னைவிட அதிகம். இந்த ஊர்ல நான் பார்த்த எதையும்விட அதிகம்."

"பின்ன கோடு ஏன் விழல?"

"விழுந்துச்சு. நிக்கல. கடலடியிலயும் இப்படி உண்டு. மண்ணுக்குள்ள புழு இருக்கும், சின்னச் சின்ன உயிருங்க. அதுங்க மேல உள்ளதைக் கீழ இழுக்கும், கீழ உள்ளதை மேல தள்ளும். தூசி விழுந்தா அதையும் கலக்கிடும். கண்ணால பார்த்தா ஒண்ணும் நடக்காத மாதிரி இருக்கும். நிறுத்துப் பார்த்தாத்தான் தெரியும்."

"கோடு கூர்மையா இருந்தா?"

அவள் கொஞ்சம் தயங்கினாள். "அங்க காத்து எட்டலைன்னு அர்த்தம். புழு பூச்சி ஒண்ணும் இல்லை. விழுந்தது விழுந்தபடி கிடக்கும்."

"எங்க வீட்டுக் கோட்ட நீங்க பாத்தியளா?"

"பார்த்தேன். உங்க வீட்டுல சாப்பிட்டேனே, போன தடவை."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. எழுந்தேன், ஐஸ் பெட்டியை ஓர் உதை விட்டேன், என் வீடு செத்த மண்ணா, என் பெண்டாட்டி பிள்ளைகள் செத்தவர்களா, படித்தால் என்னவும் பேசலாமா என்று கூடம் அதிரக் கத்தினேன். அவள் கல்லை மடியில் வைத்துக்கொண்டு நான் முடிக்கும் வரை உட்கார்ந்திருந்தாள். முடிந்ததும், "மண்ணைப் பத்திச் சொன்னேன் அண்ணாச்சி" என்றாள். கல்லை எடுத்துக்கொண்டு போகச் சொன்னேன். பேசிய பேச்சு பேச்சுதான்.

புயல் ஓய்ந்து தேடப் போன படகுகள் வெறுங்கையோடு வந்த அன்றே நான் மனதுக்குள் அண்ணனுக்குப் பெட்டி இறக்கிவிட்டேன். அதற்குப் பிறகு அவன் பெயரை என் வீட்டில் யாரும் சொன்னதில்லை, நான் சொல்ல விட்டதில்லை. நடந்து போகும்போது அது நினைவுக்கு வந்தது.

மைனி முற்றத்தில் கொடியில் சட்டைகளைத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தாள். ஜெனோபா படியில் உட்கார்ந்து தலை உலர்த்திக்கொண்டிருந்தாள். செயித்தவனைப் போல் சொல்ல வேண்டும் என்று வழியெல்லாம் வார்த்தை கட்டிக்கொண்டு வந்திருந்தேன். வாசலில் எல்லாம் போய்விட்டது.

"டாக்டரம்மா வந்தாவ," என்றேன்.

"என்ன சொன்னாவ?"

"இங்கயும் விழுந்திருக்காம், மைனி. மத்த எல்லா வீட்டையும்விடக் கூடுதலா. கலந்து கிடக்கு, அதுனால கண்ணுக்குத் தெரியலையாம்."

மைனி ஒரு சட்டையின் கையை நீவி விட்டாள். "விழுந்தது எனக்குத் தெரியாதா தம்பி?" என்றாள். "விழுந்தப்ப நான் இங்ஙனதான நின்னேன்."

ஜெனோபா தலையிலிருந்து கையை எடுத்தாள்.

"பின்ன ஏன் ஊரு முழுக்க அவன் இருக்கான்னு..."

"அது ஊரு சொன்னது. அவுக இருக்காவன்னு நான் ஒரு நாளும் சொல்லலையே. பெட்டி வேண்டாம்னுதான் சொன்னேன். ரெண்டையும் ஒண்ணாக்கினது நீங்க."

சரிதான். அவள் சொன்னது அத்தனையையும் நான் மனதுக்குள் மறுபடி ஓட்டிப் பார்த்தேன். ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. வெள்ளைப் புட்டை வைத்துக்கொண்டு நாங்கள்தான் சொன்னோம். வார்த்தையை வைத்துப் பிழைக்கிறவன் நான், இந்த ஒரு வார்த்தையைச் சரியாகக் கேட்கவில்லை.

"பெட்டியில என்னத்த வைப்பிய?" என்றாள் மைனி. குரல் உயரவில்லை. "இந்தச் சட்டையவா? சட்டையில மட்டுமா இருக்காவ? மாவுல இருக்காவன்னு டாக்டரே சொல்லியாச்சு. புளியில இருக்காவ, வலையில இருக்காவ, இவ கோவப்பட்டா மூக்கு விடைக்குல்லா, அதுல இருக்காவ. கலந்து போனதப் பிரிச்சு எடுத்துப் பெட்டியில வைக்கணும்னா வீட்டையில்லா பேத்து வைக்கணும். வச்சு ஆணி அடிச்சாச்சுன்னா பிறவு நான் எங்ஙன இருக்க?"

"எம் மூக்கு ஒண்ணும் விடைக்காது," என்றாள் ஜெனோபா. கண்ணிலிருந்து தண்ணீர் இறங்கிக்கொண்டிருந்தது, மூக்கு விடைத்திருந்தது.

நான் கீழே உட்கார்ந்தேன். அண்ணன் போன நாளிலிருந்து அந்த முற்றத்தில் நான் உட்கார்ந்ததில்லை. நின்றே சத்தம் போட்டுவிட்டுப் போகிறவன். "அவன் புளியப் பத்திப் பேசுனா எங்க அம்மையவே அடிக்க வருவான்," என்றேன். "ஒரு நாளு, நாங்க சின்னப் பயலுகளா இருக்கும்போது..." என்று ஆரம்பித்து எதையோ சொன்னேன். மைனி சிரித்தாள். ஜெனோபா இன்னொன்று கேட்டாள். வெயில் கொடிக்கு மேல் ஏறும் வரை பேசிக்கொண்டிருந்தோம்.

கடைசியில் நான் கேட்டேன்: "பிள்ளைக்க கைய யாரு பிடிக்கது?"

"நான் பிடிக்கேன்."

"வழக்கம் இல்ல மைனி. அம்புரோஸ் ஒத்துக்கிட மாட்டாரு."

"பேரம் பேசும். அதுதான உம்ம தொழிலு?"

பாறைமுனைக்கு அன்றே போனேன். அம்புரோஸ் வீட்டு முன்னறையில் உட்கார்ந்து பேசியதை முழுவதும் சொன்னால் விடிந்துவிடும். அவர், பெட்டி இறங்கணும் என்றார். இறங்காது என்றேன். அப்படியென்றால் ததேயு இருக்கிறார் என்று அர்த்தம், காத்திருக்கணும் என்றார். இல்லை என்றேன். "இல்லாதவனுக்குப் பெட்டியும் இல்ல, இருக்கவனுக்கு வரவும் இல்ல, இது என்ன ஓய் கணக்கு?" என்று தலையில் கை வைத்தார். பொம்பிளை கைபிடித்துக் கூட்டிவந்தால் ஊர் சிரிக்கும் என்றார். சிரிக்கட்டும், சிரித்தால் பல் தெரியும் என்றேன். கடைசியில் அவருடைய மகன் உள்ளேயிருந்து வந்து, "அப்பா, அவ ஒத்தையில நடந்து வந்தாலும் நான் கெட்டுவேன்" என்று சொல்லிவிட்டுப் போனான். அதற்குப் பிறகு அம்புரோஸ் ஒரு படி இறங்கினார்: தாய் ஒரு பக்கம் பிடிக்கட்டும், சித்தப்பன் நான் மறுபக்கம் பிடிக்கணும், பார்க்கிறவர்களுக்கு ஒரு ஆம்பளையாவது தெரியணும் என்றார். சித்தப்பன் பிடித்தால் அண்ணன் செத்தவன். தாய் பிடித்தால் அவன் இடம் அவனுக்கே நிற்கிறது. இரண்டும் ஒன்றாக நடக்கலாமா என்று எங்கள் வழக்கத்தில் யாரும் கேட்டதில்லை. கேட்காததால் கூடாது என்றும் யாரும் சொன்னதில்லை. கை அடித்தேன்.

கல் போன மறுநாள் ஊரில் கோடு மறைந்திருந்தது. புட்டு புட்டாக இருந்தது, பன் பன்னாக இருந்தது. ஊருக்கு அது கொஞ்ச நாள் ஒப்பவில்லை. கிழங்கை முறித்துவிட்டு இரண்டு துண்டையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். "இப்ப எவ எதுக்கு மூஞ்சியத் தூக்குதான்னு எப்படிக் கண்டுபிடிக்கது?" என்று சூசம்மா கவலைப்பட்டாள். "கேட்டுப் பாரு" என்றேன். அவள் என்னை வினோதமாகப் பார்த்தாள். ஆனால் மெழுகுவர்த்தி வாங்க நிற்கிற வரிசையிலும் தண்ணீர்க் குழாயடியிலும், உனக்கு எங்கே இருந்தது, எனக்கு இங்கே இருந்தது என்று பேசும் வழக்கம் மட்டும் நிற்கவில்லை. ததேயு வரப்போவதில்லை என்பதையும் அப்படித்தான், ஒருவர் வாயிலிருந்து ஒருவர் வாய்க்கு, சத்தமில்லாமல் ஊர் ஏற்றுக்கொண்டது. மாவு கேட்டு வந்த பெண்கள் பிறகும் வந்தார்கள். மைனி பிறகும் கொடுத்தாள்.

கல்யாணத்தன்று கோயில் வாசலில் கூட்டம் வழிந்தது. ஜெனோபாவின் வலக்கையை மைனி பிடித்திருந்தாள், இடக்கையை நான். மணி அடித்து, பாட்டுத் தொடங்கி, நாங்கள் படியில் கால் வைக்கப் போகும்போது, பாறைமுனைக்காரர் ஒருவர், அம்புரோசின் பெரியப்பா மகன், விவரம் தெரியாதவர், குறுக்கே வந்து நின்றார். மைனியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி மைனியைப் பார்த்தார்.

"இது என்ன புது மாதிரியா இருக்கு? பெண்ணை இப்ப யாருதான் கூட்டிட்டு வாறது?"

நான் வாயைத் திறந்தேன். மைனி முந்திக்கொண்டாள்.

"அவளுக்க அப்பா," என்றாள்.

அவர் எங்கள் மூன்று பேரையும் எண்ணிப் பார்க்கிறவர்போல் பார்த்தார். பின்னால் நின்ற மணக்குழித்துறை மொத்தமும் அவரைப் பார்த்தது. ஒருவரும் சிரிக்கவில்லை. நானும் பார்த்தேன், விலை முடிந்த மீனுக்கு விலை கேட்கிறவனைப் பார்க்கிறதுபோல.

அவர் ஒதுங்கி, கொஞ்சம் அதிகமாகவே ஒதுங்கி, நாலு பேர் போகிற அளவுக்கு வழி விட்டார்.